நுரையீரலுக்குள் குடியிருப்பவை: நாட்பட்ட இருமலும் பாமசிக் குளிசையும்

இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினாலும் எம்மில் பலர் முதலில் போவது பாமசிக்குத்தான். "சளிக்கு ஏதாவது தாங்கோ" என்று கேட்டால், வைத்தியரின் துண்டு இல்லாமலேயே இரண்டு மூன்று நாளுக்கு அன்ரிபயோட்டிக் குளிசை கிடைத்துவிடுகிறது. இருமல் சற்றுக் குறைந்ததும் குளிசையை நிறுத்திவிடுகிறோம். ஒரு மாதத்தில் இருமல் திரும்பி வருகிறது.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நுரையீரல் கிருமியே இல்லாத இடம். அதற்குள் கிருமி புகுந்தால் நோய். அதைக் கொன்றுவிட்டால் சுகம். மருத்துவப் பாடநூல்களும் நீண்டகாலம் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லிவந்தன. கடந்த 15 ஆண்டுகால ஆய்வுகள் அந்த நம்பிக்கையை மாற்றியிருக்கின்றன.

வெறுமையாகத் தெரிந்த இடம்

முன்பு நுரையீரலில் இருந்து எடுத்த மாதிரியை ஆய்வுகூடத் தட்டில் வைத்து, பற்றீரியா வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளராவிட்டால் அங்கே எதுவும் இல்லை என்பது முடிவு. ஆனால், பல பற்றீரியாக்கள் அந்தத் தட்டில் வளர்வதே இல்லை. சிலவற்றுக்கு ஒட்சிசன் இருந்தாலே ஆகாது. 2007இல் அமெரிக்கா தொடங்கிய மனித நுண்ணுயிர்த் திட்டம்கூட வாய், மூக்கு, தோல், குடல், பிறப்புறுப்பு ஆகியவற்றையே ஆராய எடுத்துக்கொண்டது. நுரையீரல் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.

நுண்ணுயிரை வளர்க்காமல் அதன் மரபணுவை நேரடியாக வாசிக்கும் முறை வந்தபின் நிலைமை மாறியது. 2010இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், நாட்பட்ட சுவாசத் தடை நோய் உள்ளவர்கள், ஆரோக்கியமானவர்கள் ஆகியோரின் மூச்சுக்குழாய்களில் இருந்து மாதிரி எடுத்து ஆராய்ந்தனர். ஆரோக்கியமானவர்களின் மூச்சுக்குழாயிலும் பற்றீரியாக்கள் இருந்தன. அவர்களின் கணக்குப்படி ஒரு சதுர சென்ரிமீற்றரில் சராசரியாக 2000 பற்றீரியாக்களின் மரபணுத் தடயம் இருந்தது.

வருவதும் போவதும்

இவற்றில் பெரும்பாலானவை எமது வாயிலிருந்தே வருகின்றன. ஆழ்ந்த தூக்கத்தில் ஆரோக்கியமானவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு, தெரியாமலேயே மிகச் சிறிதளவு உமிழ்நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. பிரிவொட்டெல்லா, வெய்லொனெல்லா, ஸ்ரெப்ரோகொக்கஸ் போன்ற வாய்ப் பற்றீரியாக்கள் அந்த வழியில் உள்ளே போகின்றன. நாளொன்றுக்கு நாம் உள்ளிழுக்கும் சுமார் 10,000 லீற்றர் காற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொண்டுபோகிறது. ஆனாலும் வாயிலும் தொண்டையிலும் இருப்பதைவிட நுரையீரலில் இவற்றின் அளவு நூறு மடங்குக்கும் மேல் குறைவு.

குடலை ஒரு ஊர் என்றால் நுரையீரலை ஒரு பஸ் நிலையம் எனலாம். குடலில் நுண்ணுயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. நுரையீரலில் அவை வந்தபடியும் போனபடியும் இருக்கின்றன. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிர்கள் சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. இருமல் அதை வெளியேற்றுகிறது. எஞ்சியவற்றை நோயெதிர்ப்புக் கலங்கள் விழுங்கிவிடுகின்றன.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரொபேர்ட் டிக்சன், கரி ஹஃப்நாகிள் ஆகியோர் இதை மூன்று கேள்விகளாக்கினர். எவ்வளவு உள்ளே வருகிறது? எவ்வளவு வெளியேறுகிறது? தங்கியவை பெருகுவதற்கு வசதி இருக்கிறதா? ஆரோக்கியமான நுரையீரலில் முதல் இரண்டும் ஈடுகொடுத்துக்கொள்ளும், மூன்றாவதற்கு இடமில்லை. நோய் வந்தால் மூன்றுமே மாறக்கூடும்.

நோய் வந்தபின்

லண்டன் ஆய்வில் ஆரோக்கியமானவர்களிடம் பிரிவொட்டெல்லா போன்றவை அதிகமாகவும், ஆஸ்துமாவும் சுவாசத் தடை நோயும் உள்ளவர்களிடம் ஹீமோபிலஸ் போன்றவை அதிகமாகவும் இருந்தன. வீங்கிச் சுருங்கிய மூச்சுக்குழாயில் சளி தேங்குகிறது. தேங்கிய சளி சில பற்றீரியாக்களுக்கு உணவும் உறைவிடமும் ஆகிறது. அவை பெருக அழற்சி கூடுகிறது. அழற்சி கூடச் சளியும் கூடுகிறது. இப்படி ஒரு சக்கரம் சுழலத் தொடங்குகிறது.

சாதாரணத் தடிமன் சிலருக்கு மட்டும் ஏன் நெஞ்சில் இறங்குகிறது என்பதற்கும் இதில் ஒரு விளக்கம் உண்டு. தடிமன் வைரஸைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வொன்றில், சுவாசத் தடை நோய் உள்ளவர்களின் சளியில் சுமார் இரண்டு கிழமையில் ஹீமோபிலஸ் பெருகியிருந்தது. ஆரோக்கியமானவர்களிடம் அது நடக்கவில்லை. வைரஸ் ஒன்றுதான், நுரையீரலின் நிலை வேறு.

எமது நுரையீரல்கள்

இதை எமது சூழலில் வைத்துப் பார்க்கவேண்டும். விறகும் பொச்சுமட்டையும் பன்னாடையும் எரியும் அடுப்படியில் நாளாந்தம் மணிக்கணக்கில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். புகை அந்த நுண்மயிர்களைச் சேதப்படுத்துகிறது; கிருமியை விழுங்கும் கலங்களின் வலுவையும் குறைக்கிறது. ஆபிரிக்காவின் மலாவியில் வீட்டுப் புகைக்கு ஆளாகும் ஆரோக்கியமானவர்களிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வில், நுண்துகள்களை அதிகம் சுவாசித்தவர்களின் நுரையீரலில் நோயை உண்டாக்கக்கூடிய பற்றீரியாப் பிரிவுகள் கூடுதலாக இருந்தன. சிகரெட், சுருட்டு, பீடியின் புகையும் இதே சேதத்தையே செய்கிறது.

அடுத்தது காசநோய். நெருக்கடியான தங்குமிடமும் போசாக்கின்மையும் அது பரவ வசதியானவை. முகாம் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. சிகிச்சையை முடித்துச் சுகமானபின்னும் நுரையீரலில் தழும்பும் குழியும் விரிந்த மூச்சுக்குழாயும் எஞ்சலாம். அங்கே சளி தேங்கும், பற்றீரியாக்கள் தங்கும். பழைய குழிக்குள் அஸ்பெர்ஜிலஸ் என்ற பங்கசு உருண்டையாக வளர்ந்து, இருமும்போது இரத்தம் வரச் செய்வதும் உண்டு. ஆகவே காசநோய் சுகமானவருக்கு மறுபடி இருமல் வந்தால் அது காசநோய் திரும்பியதாகவும் இருக்கலாம், இவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். வெளியில் இருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும்.

ஷெல் வீச்சிலும் குண்டுவீச்சிலும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களின் நிலை வேறு. கழுத்திலோ மேல்முதுகிலோ பாதிப்பு இருந்தால் இருமுவதற்கான தசைகள் பலவீனமாகிவிடும். உள்ளே வருவது வழமைபோல் வர, வெளியேறுவது குறைகிறது. அவர்களுக்குச் சிறு சளியும் நிமோனியாவாக மாறும் ஆபத்து அதனால்தான்.

குளிசை செய்வதும் செய்யாததும்

அன்ரிபயோட்டிக் எமது எதிரி அல்ல. நிமோனியாவில் அது உயிர் காக்கிறது. 2017இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், வழமையான இன்ஹேலருக்கு அடங்காத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு 48 கிழமைகள் அசித்ரோமைசின் கொடுத்தபோது முட்டு மோசமாகும் தடவைகள் குறைந்தன. ஆனால், அது ஆளைத் தெரிந்து, அளவைத் தீர்மானித்து, வைத்தியக் கண்காணிப்பில் கொடுத்த மருந்து. அப்படிக் கொடுத்தபோதும் மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் கூடியதை ஆய்வாளர்கள் பின்னர் கண்டனர்.

பாமசியில் வாங்கும் மூன்று நாள் குளிசை வேறு கதை. வைரஸ் தடிமனுக்கு அதனால் பயனில்லை. தீங்கில்லாத பற்றீரியாக்கள் சாக, மருந்துக்கு அடங்காதவை மிஞ்சுகின்றன. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சில அன்ரிபயோட்டிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் குறைந்ததுபோல் தோன்றும், பரிசோதனை தள்ளிப்போகும், அதற்குள் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும்.

செய்யக்கூடியவை

இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாலோ, இரத்தம் வந்தாலோ, மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தாலோ மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போகவேண்டும். அரச நிலையங்களில் காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். வழமையாக 6 மாதம் கொடுக்கப்படும் காசநோய் மருந்தை, சுகமாகிவிட்டது என்று எண்ணி இடையில் நிறுத்தக்கூடாது.

வாயைச் சுத்தமாக வைத்திருப்பது நுரையீரலுக்கும் நல்லது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் செய்த ஆய்வில், வாய்ப் பராமரிப்பு ஒழுங்காகக் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும், கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கும் நிமோனியா வந்தது. படுக்கையில் இருப்பவரின் பல்லைத் துலக்கிவிட மருந்துச் செலவு இல்லை. ஸ்ரீரொய்ட் இன்ஹேலர் பாவிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பவேண்டும். அடுப்படியில் புகை போக்கியோ, குறைந்தது எதிரெதிரே திறந்த யன்னல்களோ வேண்டும்.

ஆனால், எல்லாவற்றையும் நோயாளியின் தலையில் சுமத்திவிட முடியாது. ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி கிளினிக்குக்குப் போய்வருவதைவிடச் சந்தியில் உள்ள பாமசி கிட்ட. சளிப் பரிசோதனை கிராமத்தைத் தேடி வந்தால், துண்டில்லாமல் அன்ரிபயோட்டிக் விற்பதைத் தடுக்கும் சட்டம் உண்மையில் நடைமுறையானால், அந்த மூன்று நாள் குளிசையின் தேவை தானாகக் குறையும்.