தெர்மாமீட்டர் சிப்பாய்!

மிலிட்டரிக்காரர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மீசை, துப்பாக்கி, லீவில் வரும்போது டிரங்குப் பெட்டி, அதற்குள் 'அந்த' பாட்டில்! தெர்மாமீட்டர் ஞாபகம் வருமா?

கொரிய யுத்தத்துக்கு 1950 நவம்பரில் இந்தியா அனுப்பியது சுடும் படையை அல்ல, வைத்தியப் படையை! 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்று பெயர். தலைவர் ஒரு தமிழர், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ். 1951 மார்ச் 23-ல் அமெரிக்க வீரர்களோடு இவரும் பதினொரு இந்தியர்களும் பாராசூட்டில் குதித்தார்கள். எதற்கு? அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போட! மகாவீர் சக்ரா கிடைத்தது.

எங்கள் அல்லிநகரத்து நண்பன் ஒருவனும் அந்த வம்சம்தான். ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்ட். சில வருஷம் முன்பு காங்கோ நாட்டில், கோமா நகரில், ஐ.நா. படைக்காக இந்திய ராணுவம் நடத்திய ஆஸ்பத்திரியில் டூட்டி. டிரிப் ஏற்றுவது, காயம் துடைப்பது, மலேரியாக்காரர் பக்கத்தில் ராத்திரி முழுக்க முழித்திருப்பது. போதாததற்கு ஊருக்குப் பக்கத்திலேயே எரிமலை!

நான் பி.காம். கணக்கில் புலி. நம்ம டீக்கடையில் சாயங்காலம் ஆறு என்றால் அங்கே பகல் இரண்டரை. டாண் என்று போன் வரும். எரிமலை பற்றி மூச்சு விடமாட்டான்.

"பெஞ்சுல இன்னிக்கு யார்றா? வீரபாண்டித் திருவிழாவுல ராட்டினம் சுத்துனீங்களா?"

ஒருநாள் கேட்டேன். "ஏண்டா, ஆஸ்பத்திரி நிறைய ஆள் இருக்கே, அப்புறம் என்ன?"

"இருக்காங்கடா. அவங்க வலியெல்லாம் நான் கேக்குறேன். எனக்குத் தலை வலிக்குதான்னு கேக்கத்தான் ஆள் இல்லை."

உங்களுக்கும் இப்படியொரு நண்பன் இருந்தால், போனில் யுத்த நிலவரம் விசாரிக்காதீர்கள் சார். டீக்கடைச் சண்டையைச் சொல்லுங்கள். வடை சிறுத்துப்போனதைச் சொல்லிப் புலம்புங்கள். அப்படியே, தலைவலி எப்படியிருக்கு என்றும் கேளுங்கள்!