மாண்டலினைப் பாட வைத்த சிறுவன்

ஆரோவிலைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு வாத்தியம் புதிதல்ல. 2003-இல் அங்கே தொடங்கிய ‘ஸ்வரம்’ பட்டறையில் சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்கள் வாத்தியம் செய்யவே கற்றிருக்கிறார்கள். கித்தாரையோ மாண்டலினையோ கையில் எடுக்கும் பிள்ளைக்கு நம் சங்கீதம் வசப்படுமா? மாண்டலின் கலைஞர் யு. ஸ்ரீனிவாஸின் வாழ்க்கையே இதற்குப் பதில்.

வாய்ப்பாட்டே பாடம்

1969 பிப்ரவரி 28 அன்று ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தார். அப்பா சத்யநாராயணா கிளாரினெட் வாசிப்பவர். வீட்டிலிருந்த மாண்டலினை ஆறு வயதில் மகன் எடுத்து வாசிக்க, அவனுக்குக் கைவருவதைக் கண்டு அப்பாவே கற்றுக்கொடுத்தார். பிறகு அப்பாவின் குருவும், செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடருமான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் பாடம். குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கம்பியில் கொண்டுவருவான். எந்த விரலை எங்கே வைப்பது என்று குருவால் சொல்ல முடியாததால், பாட்டில் கேட்ட குழைவுக்கான வழியைக் காதும் விரலும் தாமே தேடின.

அந்தத் தேடல் எளிதல்ல. மாண்டலினில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. மீட்டியதும் நாதம் அடங்கிவிடும். கமகத்துக்கோ ஸ்வரம் நின்று அசைய வேண்டும். ஸ்ரீனிவாஸ் ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். நாதம் நின்றது; விரல் வழுக்கி அசைய இடம் கிடைத்தது.

மேடையும் ஒலிப்பதிவும்

1978-இல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் அரங்கேற்றம். 1981 டிசம்பர் சீசனில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் சென்னையில் அவருடைய முதல் கச்சேரி. எலக்ட்ரிக் வாத்தியமா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ராகம் சுத்தமாக வந்ததும் ரசிகர்கள் அவரைத் தங்களவராக்கிக்கொண்டார்கள். 1983-இல் பெர்லின் ஜாஸ் விழா. நூற்றுக்கும் மேற்பட்ட இசைத்தொகுப்புகள் வந்தன. 1995-இல் மைக்கேல் புரூக்குடன் ‘ட்ரீம்’ தொகுப்பு. பிறகு கித்தார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், தபலா கலைஞர் ஜாகிர் உசேனுடன் ‘ரிமெம்பர் சக்தி’ குழு. 1998-இல் பத்மஸ்ரீ.

கற்றுக்கொடுத்த கை

உலகம் சுற்றியவர் சென்னையில் மாணவர்களுக்கும் நேரம் ஒதுக்கினார். தம்பி யு. ராஜேஷும் அவரிடம் பயின்று, அவரோடு மேடையேறியவர். 2014 செப்டம்பர் 19 அன்று, 45 வயதில் ஸ்ரீனிவாஸ் மறைந்தபோது, கர்நாடக மேடையில் மாண்டலினுக்கு நிலையான இடம் இருந்தது.

பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கையில் எடுத்த காலம் முதல், வெளியிலிருந்து வந்த வாத்தியங்களை நம் சங்கீதம் ஏற்றே வந்திருக்கிறது. அது கேட்பது ஒன்றுதான்: வாத்தியம் பாட வேண்டும். பிள்ளைக்கு வாத்தியம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், பாடிக் காட்டும் ஒரு குருவையும் தேடிக் கொடுங்கள். பக்கத்தில் அந்த வாத்தியம் தெரிந்த ஆசிரியர் இல்லையே என்று தயங்க வேண்டாம். பாடத் தெரிந்த குருவும் கேட்கப் பழகிய காதும் இருந்தால் பாடத்தைத் தொடங்கிவிடலாம்.