ஒருகொடவத்தையில் காணாமற்போன சின்னமாமா: குடும்ப வரலாற்றில் அவரை எப்படி எழுதுவது?

கனடாவில் இருக்கும் பெரியமாமாவின் மகள் சென்ற வருடம் எங்கள் குடும்ப மரத்தைக் கணினியில் வரைந்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். ஐந்து தலைமுறை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைபேசித் திரையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "சின்னண்ணை எங்கை?" என்று மட்டும் கேட்டார்.

மச்சாள் வேண்டுமென்று விடவில்லை. பிள்ளைகளில் இருந்து பெற்றோருக்கும், பெற்றோரில் இருந்து அவர்களின் பெற்றோருக்கும் போய்த்தான் அவள் அந்த மரத்தைக் கட்டியிருந்தாள். அப்படிக் கட்டினால் பிள்ளை இல்லாமல் இறந்தவருக்கு அதில் கொப்பு வராது. கலியாண எழுத்து இல்லை, காணி உறுதியில் பெயர் இல்லை, சீதனக் கதைகளில் பேச்சு இல்லை. எங்கள் ஊர்களில் இளவயதில் இறந்தவர்களின் பெயர் அடுத்துப் பிறக்கும் ஆண்பிள்ளைக்குப் போய்விடுவதும் உண்டு. சின்னமாமாவின் பெயர் என் தம்பியிடம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இன்று தம்பிதான் திரும்பிப் பார்க்கிறான்.

சின்னமாமா 1961இல் சண்டிலிப்பாயில் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் கொழும்புக்கு வந்து, ஒருகொடவத்தையில் ஒரு இரும்புக்கடையில் கணக்கெழுத்தாளராகச் சேர்ந்தார். கடைக்குக் கிட்டவே ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்திருந்தார். பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சந்திக்கிற இடம் அது. எண்ணெய்த் தாங்கிகள், களஞ்சியங்கள், லொறிகள் என்று இன்றும் அப்படித்தான். கொழும்புத் தமிழர் என்றால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்றுதான் நாம் எழுதுகிறோம். ஆனால் வேலைக்காக ஒருகொடவத்தை, கிராண்ட்பாஸ், தெமட்டகொடை பக்கங்களில் தனித்தனி அறைகளில் கிடந்த இளைஞர்களுக்கு அயலில் தமிழ் வீடு ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. 1983 ஜூலையில் அந்த வித்தியாசம் பெரிதாயிற்று.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். 24ஆம் திகதி ஞாயிறு, போயா தினம். அன்று இரவு பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்தில் இருந்து தொடங்கியது, திங்கள் காலை நகரம் முழுக்கப் பரவியது. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடினார்கள். ஊரடங்கு வந்தது திங்கள் பிற்பகல்தான். அன்றும் புதனும் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். வெள்ளிக்கிழமை, 29ஆம் திகதி, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தியோடு இரண்டாவது அலை வந்தது. மொத்தம் எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒரு கணக்கு இல்லை. அரசாங்கம் சில நூறு என்றது, மற்றவர்கள் மூவாயிரம் வரை சொன்னார்கள். அந்த இடைவெளிக்குள் இருக்கிறவர்களில் ஒருவர் என் சின்னமாமா.

அவரைப் பற்றி மூன்று கதைகள் எங்கள் வீட்டில் உண்டு. திங்கள் காலை பத்து மணிபோல, கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நடந்து வெளிக்கிட்டார் என்பது வீட்டுக்கார அம்மா சொன்னது. பின்னேரம் கிராண்ட்பாஸில் ஒரு கடைக்குப் பின்னால் கண்டதாகக் கூட வேலை செய்தவர் சொன்னார். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் வியாழக்கிழமை கண்டதாகவும் ஒருவர் சொன்னாராம். அவர் யார் என்று இன்று எவருக்கும் நினைவில்லை. மூன்றாவது கதையை நம்பித்தான் அம்மப்பா காங்கேசன்துறைக்குப் போய் நின்றார். 'லங்கா கல்யாணி'யில் இருந்து அகதிகள் இறங்கியபோதும் நின்றார், பிறகு வந்த கப்பல்களுக்கும் நின்றார்.

குடும்ப வரலாறு எழுதுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: மூன்று கதை இருந்தால் மூன்றையும் எழுதுங்கள். எது சரி என்று தீர்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தால் அதற்குள் சொன்னவர்கள் போய்விடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், யார் சொன்னார், அவர் கண்டாரா கேட்டாரா, யாருக்கு எப்போது சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதிப் பார்த்தபோதுதான், தன் கண்ணால் கண்டதை நேரே எங்கள் ஆட்களிடம் வந்து சொன்னவர் ஒருவர் மட்டுமே என்று எனக்குத் தெரிந்தது. அது அந்தச் சிங்கள அம்மா.

1984இல் அவர் வெள்ளவத்தையில் இருந்த அம்மாவின் சின்னம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு சேர்ட், ஒரு சாரம், ஒரு கொப்பி. ஊரில் இருந்த கடிதங்களும் படங்களும் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது தகரப்பெட்டியோடு போய்விட்டன. பை வெள்ளவத்தையில் இருந்ததால் தப்பியது. கொப்பி செலவுக் கணக்கு. வீட்டுக்கு மணியோடர், பஸ், சாப்பாடு, "தங்கச்சிக்கு ரேடியோ பற்றரி". கடைசிப் பதிவு ஜூலை 23, சனி: தலைமயிர் வெட்டினது, 4 ரூபா. அம்மா அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை பார்க்க மாட்டார்.

இனி ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிறந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பெற்றோர் பெயரும் திகதியும் தெரிந்தால் போதும், இலக்கம் இல்லாவிட்டால் தேடுவதற்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலைகளின் சேர்விடாப்பில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் இருக்கும். போரில் தப்பிய இடாப்புகள் நினைப்பதைவிட அதிகம், கேட்டுப் பார்க்க வேண்டும். வேலை செய்தவர் என்றால் 1958 முதல் நடைமுறையில் இருக்கும் ஊழியர் சேமலாப நிதி: முதலாளி பணம் கட்டியிருந்தால், எந்த மாதம் வரை உழைத்தார் என்பதற்கு அதுவே சாட்சி. பழைய பத்திரிகைகளைக் கொழும்பு 07இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். நான் இரண்டு நாள் இருந்து பார்த்தேன். சின்னமாமாவின் பெயர் எங்கும் இல்லை. இல்லை என்பதையும் எழுதிவைத்தேன், அடுத்தவர் அதே இரண்டு நாளைச் செலவழிக்கத் தேவையில்லை.

இறப்புச் சான்றிதழ்தான் சிக்கல். உடல் இல்லாமல், கண்ட சாட்சி இல்லாமல் பதிய முடியாது என்று எண்பதுகளில் ஒரு அலுவலகத்தில் அம்மப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னர் சட்டம் மாறியது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாமல் காணாமற்போனவரின் மரணத்தைப் பதியலாம். பல தாய்மார் அதை வாங்க மறுத்தார்கள். பிள்ளை செத்துவிட்டான் என்று தாங்களே கையெழுத்துப் போடுவதாக அது அவர்களுக்குப் பட்டது, அதில் பிழை சொல்ல என்னால் முடியாது. 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 'காணப்படாமைச் சான்றிதழ்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது மரணத்தை ஒப்புக்கொள்ளாமல், ஆள் இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் சட்டமும் அதே வருடம் வந்ததுதான். வடக்கு கிழக்குப் போரில் காணாமற்போனவர்களுக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். அரசியல் அமைதியின்மை, சிவில் குழப்பங்களில் காணாமற்போனவர்களும் அதற்குள் அடங்குவர். இந்த அலுவலகங்களால் எத்தனை பேருக்குப் பதில் கிடைத்தது என்பது வேறு கதை. அதை வீதியோரத்தில் வருடக்கணக்காக இருக்கும் தாய்மாரிடம்தான் கேட்க வேண்டும்.

83க்கென்று ஒரு ஆணைக்குழுவும் இருந்தது. 1981 முதல் 1984 வரையான இன வன்முறைகளை விசாரிக்க, முன்னாள் பிரதம நீதியரசர் சர்வானந்தாவின் தலைமையில் 2001இல் நியமித்தார்கள். 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நாங்கள் அந்த ஆணைக்குழுவுக்குப் போகவில்லை. அம்மப்பா அப்போது உயிரோடு இல்லை, அம்மம்மா, "காசுக்காகவோ நான் அவனைச் செத்தவன் எண்டு சொல்லுறது?" என்று கேட்டுவிட்டார்.

திவசம் இன்னொரு பிரச்சினை. எங்களுக்குத் திதி வேண்டும், திகதி போதாது. 24ஆம் திகதி பூரணை, ஆகவே திங்கள் என்றால் ஆடித் தேய்பிறைப் பிரதமை என்று ஐயர் கணக்குப் பார்த்துச் சொன்னார். அம்மம்மா ஒத்துக்கொள்ளவில்லை. திங்கள்தான் என்று யார் கண்டது, வெள்ளியாகவும் இருக்கலாமே என்றார். அவர் சாகும்வரை திவசம் நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும், கீரிமலைக்குப் போக முடியாத வருடங்களிலும், கிணற்றடியில் முழுகிவிட்டு அம்மப்பாவுக்குப் படைக்கும்போது பக்கத்தில் இன்னொரு வாழையிலை போடுவார். யாருக்கு என்று சொன்னதில்லை.

சென்ற மாசியில் நான் ஒருகொடவத்தைக்குப் போனேன். அந்த அம்மாவைத் தேடுவதுதான் எண்ணம். முன்பே போயிருக்கலாம். 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி கொலன்னாவை, ஒருகொடவத்தை எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்த பிறகு, ஒரு தமிழன் அந்தப் பக்கம் போய் வீடு விசாரிப்பது என்பது நினைக்க முடியாத காரியம். அதற்குப் பிறகு எங்கள் சோம்பல். சின்னம்மம்மா சொன்ன அடையாளங்களை வைத்துத் தேடினேன். வீடு இருந்ததாகச் சொன்ன இடத்தில் இன்று அகலமாக்கிய வீதி. சந்தியில் தேநீர்க்கடை வைத்திருந்த முதியவர் இரண்டு மூன்று பெயர்களைச் சொன்னார், ஒன்றும் பொருந்தவில்லை.

வந்து எழுதினேன். மச்சாளின் நிரலில் இறந்த திகதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதை வெறுமையாக விட்டால் 'உயிரோடு இருக்கிறார்' என்று எடுத்துக்கொள்கிறதாம். அதனால் அந்தக் கட்டத்தில் எதையும் போடாமல், குறிப்புப் பகுதியில் இப்படி எழுதினோம்: "கடைசியாகக் கண்டது 1983 ஜூலை 25, திங்கள், காலை பத்து மணியளவில், ஒருகொடவத்தை. கண்டவர்: வீட்டுக்கார அம்மா." கீழே மற்ற இரண்டு கதைகள். கொப்பியின் கடைசிப் பக்கத்தின் படம்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அவர் இடக்கையாலைதான் எழுதுறவர், அதையும் போடு" என்றார்.