எலும்புகளும் ஆவணங்களும்: ஸ்ரெப்ரெனிக்கா உண்மை நிரூபிக்கப்பட்ட விதம்

போர் முடிந்ததும் நீதி கேட்பவர்களிடம் முதலில் கேட்கப்படுவது "ஆதாரம் எங்கே?" என்பதுதான். கண்ணீர் மட்டும் நீதிமன்றத்தில் ஆதாரமாகாது. பாதிக்கப்பட்டவர்கள் அறிந்திருப்பதை உலகம் ஏற்கும் அறிவாக மாற்ற வேண்டியிருக்கிறது. இது எப்படி நடக்கிறது என்பதற்குப் பொஸ்னியா ஒரு முக்கிய உதாரணமாகும்.

1995 ஜூலையில், ஐ.நா. பாதுகாப்பு வலயமாக அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிக்காவைப் பொஸ்னிய சேர்பியப் படைகள் கைப்பற்றின. சில நாட்களுக்குள் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். சில வாரங்களின் பின் புதைகுழிகள் கனரக இயந்திரங்களால் தோண்டப்பட்டு, உடல்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டன. ஆதாரத்தை அழிப்பதே இதன் நோக்கம். இதனால் ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறிக் கிடந்தன.

மண் சொன்ன சாட்சி

முதற் குழியின் மண், தோட்டாக் கூடுகள், கண்களைக் கட்டிய துணிகள் ஆகியவற்றை இரண்டாவது குழியில் கிடைத்தவற்றோடு நிபுணர்கள் ஒப்பிட்டனர். மறைக்க எடுத்த முயற்சியே திட்டமிட்ட குற்றத்துக்குச் சான்றாக மாறியது. 1996இல் உருவான காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு, உறவினர்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து எலும்புகளின் மரபணுவோடு பொருத்தியது. இப்படி ஏறக்குறைய 7,000 பேர் அடையாளம் காணப்பட்டனர். அந்தத் தாய்மார் கொடுத்த இரத்தமும் வாக்குமூலமும் இல்லாவிட்டால் எந்த ஆய்வுகூடத்தாலும் ஒரு பெயரைக்கூடச் சொல்லியிருக்க முடியாது.

எண்ணிக்கையும் நேர்மையும்

பொஸ்னியப் போரில் இரண்டு இலட்சம் பேர் இறந்ததாக நீண்ட காலம் கூறப்பட்டு வந்தது. மிர்சாத் தொகாச்சா தலைமையிலான சரயேவோ ஆய்வு நிலையம், எல்லா இனத்தவரையும் பெயர் பெயராகப் பதிவு செய்து, சுமார் 96,000 என்ற முடிவுக்கு வந்தது. "நம் இழப்பைக் குறைத்துவிட்டார்" என்று அவர்மீது கோபப்பட்டோர் உண்டு. ஆனால் கொல்லப்பட்ட பொதுமக்களில் சுமார் ஐந்தில் நான்கு பங்கினர் பொஸ்னிய முஸ்லிம்களே என்பதையும் அதே பட்டியல்தான் நிறுவியது. மிகைப்படுத்தப்பட்ட எண்ணை மறுப்பது எளிது. பெயர்ப் பட்டியலை மறுப்பது கடினம்.

தீர்ப்புக்குப் பின்னரும் மறுப்பு

1993இல் அமைக்கப்பட்ட யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேச குற்றவியல் தீர்ப்பாயம், 2001இல் ஜெனரல் கிறிஸ்டிச் வழக்கில் இதனை இனப்படுகொலை என்று தீர்ப்பளித்தது. 2007இல் சர்வதேச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. இருந்தும் மறுப்பு ஓயவில்லை. பொஸ்னியாவின் சேர்பியப் பகுதி அரசாங்கம் 2004இல் ஒப்புக்கொண்ட அறிக்கையை, அதே பகுதியின் நாடாளுமன்றம் 2018இல் நிராகரித்தது. 2021இல் இனப்படுகொலை மறுப்பைக் குற்றமாக்கும் சட்டத்தைச் சர்வதேச உயர் பிரதிநிதியே விதிக்க நேர்ந்தது.

இதிலிருந்து விளங்குவது என்ன? அறிவை உருவாக்குவது ஒரு வேலை. அது சமூகத்தில் பயன்படும்படி செய்வது வேறொரு வேலை. தீர்ப்புகள் தொலைவில் ஹேக் நகரில் எழுதப்பட்டன. பொஸ்னியப் பிள்ளைகளோ இனவாரியாகப் பிரிந்த பாடத்திட்டங்களில், ஒரே போருக்கு வெவ்வேறு வரலாறுகளைப் படிக்கிறார்கள். ஆவணம் நீதிமன்றத்தில் வென்றும் வகுப்பறையில் தோற்றால், சமாதானம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

2024 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 11ஐ சர்வதேச நினைவு தினமாக அறிவித்தது. ஆண்டுதோறும் அந்நாளில் புதிதாக அடையாளம் காணப்பட்டவர்களுக்கு பொடோசாரியில் ஜனாஸாத் தொழுகை நடத்தப்பட்டு நல்லடக்கம் செய்யப்படுகிறது. இன்னும் சுமார் ஆயிரம் குடும்பங்கள் தம் உறவுகளுக்கு ஒரு கப்றுக்காகக் காத்திருக்கின்றன. அவர்களைப் பொறுத்தவரை அறிவு என்பது ஒரு பெயரும், தொழுகையும், மண்ணில் ஓர் இடமும்தான்.