மாணவர் தொகையும் பல்கலைக்கழகமும்

பல்கலைக்கழகம் என்றவுடன் பரந்த வளாகமும் மரநிழலும் நூலகமும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. அவ்வெண்ணத்தோடு உலகில் மாணவர் தொகை மிகுந்த பல்கலைக்கழகம் எது என்று தேடப் புகுந்தால் வியப்பே மிஞ்சும். முன்வரிசையில் நிற்பவை பெரும்பாலும் தம் மாணவரைத் தம் வளாகத்தில் காணாத பல்கலைக்கழகங்கள்!

இவ்வியப்பு நீங்கத் திருச்சிராப்பள்ளியிலிருந்தே தொடங்கலாம். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. தொடக்கத்தில் அது பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. கற்பிக்கும் பொறுப்பு இணைவு பெற்ற கல்லூரிகளுடையது. நாகப்பட்டினத்தில் 1844இல் தோன்றி, 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரியும், 1951இல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரியும் சீதாலட்சுமி இராமசாமி கல்லூரியும் அதன் குடைக்கீழ் இருந்தவையே. காவிரிக்கரையில் கற்றவர் கடற்கரைப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரியானார்.

1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தோன்றியபின் தொலைவு குறைந்தது, முறை மாறவில்லை. 1996இல் ஸ்ரீரங்கம் தீவில் தொடங்கப்பெற்ற ஸ்ரீமத் ஆண்டவன் கல்லூரியின் மாணவரும் அப்பல்கலைக்கழகத்தின் கணக்கில் சேர்பவரே. புதுக்கோட்டைச் சாலையிலுள்ள பல்கலைப்பேரூரைப் பட்டமளிப்பு விழாவன்று மட்டுமே கண்டவர் நம்மிடையே பலர். (அன்றும் காணாதவர் உண்டு, அவர்கட்குக் கல்லூரி விழாவிலேயே பட்டம் கிடைத்துவிடுகிறது.) இம்முறையின் பேருருவை வங்காளதேசத்தில் காணலாம். 1992இல் காசிப்பூரில் நிறுவப்பெற்ற தேசியப் பல்கலைக்கழகம், நாடெங்குமுள்ள கல்லூரிகளை இணைத்துக்கொண்டு இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவரைத் தனதாக எண்ணுகிறது.

மற்றொரு வகை, திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இங்கிலாந்தில் 1969இல் இது முழுவடிவம் பெற்றது. பாகிஸ்தானில் 1974இல் தோன்றிய மக்கள் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1977இல் கவிஞர் இக்பால் நூற்றாண்டையொட்டி அவர் பெயரைத் தாங்கியது. துருக்கியின் அனடோலு பல்கலைக்கழகம் 1982இல் தொலைக்காட்சியை வகுப்பறையாக்கியது. அதே ஆண்டு ஐதராபாத்தில் இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவரைக் கொண்டதென அறியப்படுகிறது. நம் மாநிலத்திற்கென ஒன்று 2002இல்தான் வாய்த்தது.

இவ்வெண்ணிக்கையை ஐயத்தோடு நோக்குவோரும் உளர். நாம் அவர்களோடு முற்றும் உடன்படவில்லை. திருமணத்தால் படிப்பு நின்றுபோய், ஸ்ரீரங்கத்து உத்தர வீதி இல்லமொன்றில் பிள்ளைகளை உறங்கவைத்தபின் பாடநூலைத் திறக்கும் பெண்ணுக்கும், பாலக்கரைக் கடையில் கணக்கெழுதிவிட்டு ஞாயிறு வகுப்பிற்கு வரும் இளைஞனுக்கும் வேறு வாயில் எது? நம் மாணவர் வாரநாளில் அமரும் பலகைகள் போன்றவற்றில்தாம் அவர்களும் விடுமுறைநாளில் வந்தமர்கின்றனர்.

ஆயினும் எண்ணும் முறையை அறிதல் வேண்டும். கல்லூரியில் சேர்ந்தவன் வாராதொழிந்தால் வருகைப்பதிவேடு காட்டிக்கொடுக்கும். தொலைநிலைக் கல்வியில் அவ்வாறன்று. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டு இளநிலைப் படிப்பை முடிக்க ஆறாண்டு வரை காலம் உண்டு. வேலையும் குடும்பமும் உடையவர்க்கு இச்சலுகை இன்றியமையாதது. எனினும், இரண்டாம் ஆண்டிலேயே நூலை மூடிவைத்தவரும் பதிவு செல்லும்வரை மாணவரே. நாம் கண்ட பட்டியல்கள் யாவும் சேர்ந்தவர் தொகையைத்தான் முதலில் கூறுகின்றன. பட்டம் பெற்று வெளியேறியவர் தொகையை அதன் அருகே வைப்பதில்லை. அவ்விரண்டையும் ஒருங்கே அச்சிடுமாறு கேட்பது தவறாகாது.

மேற்சொன்ன பெண் ஒரு தேர்வைத் தவறவிட்டால் அடுத்த முறை எழுத வழியுண்டு. அதுவரை அவர் பெயர் பல்கலைக்கழகத்தின் பேரேட்டில் இருக்கும். பாடநூல் வீட்டு அலமாரியில் இருக்கும்.