பழைய சேலைகளில் ஒரு புதிய போர்வை



திருமுழுக்கு விழாவிற்குச் செல்லும்போது நாம் என்ன பரிசு கொண்டு செல்கிறோம்? பெரும்பாலும் வழியில் ஒரு கடையில் நின்று, கைக்குக் கிடைத்த உடையையோ விளையாட்டுப் பொருளையோ வாங்கி, வண்ணத்தாளில் சுற்றி, பெயர் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதிகப் பணம் கேட்காமல், நம் நேரத்தை மட்டுமே கேட்கும் பரிசும் உண்டு. பழைய நூல் சேலைகளை அடுக்கிக் கையால் தைக்கும் போர்வையைப் பற்றி இன்று சிந்திப்போம்.

கந்தையும் காந்தாவும்

வங்காளத்துப் பெண்கள் பல தலைமுறைகளாக இத்தகைய போர்வைகளைத் தைத்து வருகிறார்கள். அதற்குக் 'காந்தா' என்று பெயர். கிழிந்த துணியை நாம் 'கந்தை' என்கிறோமே, இரண்டும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. துவைத்துத் துவைத்து மென்மையாகிப்போன சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஒன்றாகச் சேர்த்துத் தைப்பார்கள். சேலையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலையே தையலுக்கும் பயன்படுத்துவார்கள். வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்றால் பாட்டி ஒரு காந்தாவைத் தைக்கத் தொடங்கிவிடுவார்.

இது நமக்கு அந்நியமான செய்தி அல்ல. நம் வீடுகளிலும் பச்சிளம் குழந்தையைப் பாட்டியின் பழைய நூல் சேலையில்தான் கிடத்துவார்கள். தூளி கட்டுவதும் அதில்தான். புதுத்துணி குழந்தையின் உடலை உறுத்தும். பலமுறை துவைத்து, பலகாலம் உழைத்த துணி உறுத்தாது.

எப்படித் தைப்பது?

மூன்று அடி நீளம், மூன்று அடி அகலத்தில் குழந்தைக்கான விரிப்பு ஒன்று தைப்பதாக வைத்துக்கொள்வோம். சாயம் போகாத இரண்டு நூல் சேலைகள் போதும். பட்டும் பாலியஸ்டரும் வேண்டாம். சரிகை, மணி, பொத்தான் எதுவும் வேண்டாம். துவைத்து வெயிலில் காயவைத்து, நைந்துபோன இடங்களை விலக்கிவிட்டு, ஐந்து துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். அவற்றைத் தரையில் சுருக்கமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அடுக்குகள் நகராதபடி முதலில் பெரிய தையலாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பின்பு நடு வரிசையில் தொடங்கி, இரு பக்க ஓரங்களையும் நோக்கி நெருக்கமாக நூலோட்ட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி ஒரு பக்கமாக ஒதுங்கி மேடு தட்டிவிடும். கடைசியில் ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்து, முதலில் போட்ட பெரிய தையலைப் பிரித்துவிடலாம்.

செய்முறை எளிதுதான். ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை அங்குலத்திற்கு ஒரு வரிசை என்றால் 36 அங்குலத்திற்கு 72 வரிசைகள். ஓர் அங்குலத்திற்கு நான்கு தையல் என்றால் ஒரு வரிசைக்கு 144 தையல்கள். ஆக மொத்தம் 10,368 தையல்கள். மாலைக்கு இரண்டு வரிசை தைத்தால் 36 மாலைகள் ஆகும். அத்தனை மாலைகளும் ஒரே ஒருவருக்காக உட்கார்ந்திருக்கிறோம். இந்தப் பரிசின் விலை அதுதான்.

ஒரு தாயின் பத்து வரிசைகள்

நமது பங்கில் அறுபது வயதைக் கடந்த தாய் ஒருவர் இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறோம். அவருடைய மகன் வீட்டாரின் விருப்பத்திற்கு மாறாகத் திருமணம் செய்துகொண்டார். மூன்று ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லை. மகனுக்குக் குழந்தை பிறந்த செய்தி பிறர் வழியாகத்தான் தாய்க்குத் தெரிந்தது. போகவும் மனம் வரவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. பெட்டியிலிருந்த தம் பழைய சேலைகளை எடுத்துத் தைக்கத் தொடங்கினார்.

"மொதப் பத்து வரிசையக் கோவத்தோடதான் தச்சேன் சாமி" என்றார் நம்மிடம். "விரல்ல குத்துனதுதான் மிச்சம். அப்புறம் ஒருநாள் அந்தப் பச்சைச் சேலை கைக்கு வந்துச்சு. அவன் சின்னப் பிள்ளையில இந்த முந்தானைக்குள்ளதான் ஒளிஞ்சுக்குவான். அதுக்கு மேல கோவமாத் தைக்க முடியல."

போர்வை தபாலில் போயிற்று. ஒரு மாதம் கழித்து அலைபேசிக்கு ஒரு படம் வந்தது. அந்த விரிப்பின்மேல் குழந்தை கிடக்கிறது. வேறு ஒரு சொல்லும் இல்லை. மகன் இன்னும் பேசவில்லை. நாம் ஆறுதல் சொல்ல முயன்றபோது அந்தத் தாய் சொன்னார்: "அவன் பேசாட்டி என்ன சாமி, நான் பேசிட்டேன்."

காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளப் போகுமாறு ஆண்டவர் நமக்குக் கட்டளையிடுகிறார் (மத் 5:23-24). சிலருக்கு அந்த வழி ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடியதாக இருப்பதில்லை. இந்தத் தாய் அதை 72 வரிசைகளாக நடந்தார்.

திருவிவிலியம் காட்டும் தையல்காரர்கள்

அன்னா தம் மகன் சாமுவேலை ஆண்டவருக்கென்று சீலோவில் விட்டுவிட்டு வந்தார். ஆயினும் ஆண்டுதோறும் பலி செலுத்தப் போகும்போது, அவனுக்கு ஒரு சிறிய மேலாடையைத் தைத்துக்கொண்டு போனார் (1 சாமு 2:19). வளரும் பிள்ளைக்குப் போன ஆண்டின் அளவு இந்த ஆண்டு பொருந்தாது. கண்ணெதிரே இல்லாத மகன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்தாலேயே அளந்துதான் துணியை வெட்டியிருக்க வேண்டும். அந்த அளத்தலே ஒரு செபம் அல்லவா?

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுதார்கள். அவர்கள் தபித்தாவின் நற்குணங்களைப் பட்டியலிடவில்லை. அவர் தங்களுக்குச் செய்துகொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் எடுத்துக் காட்டினார்கள் (திப 9:39). அவருடைய அன்புக்கு அவையே சாட்சி சொல்லின.

துக்க வீட்டிற்கும் ஒரு பரிசு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிமரபினர் வாழும் ஏழை ஊர். அங்கே மிசூரி பெட்வே என்பவர், 1942-ஆம் ஆண்டு, இறந்துபோன தம் கணவரின் வேலை உடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளவும், அவருடைய அன்பைப் போர்த்திக்கொள்ளவுமே அதைத் தைத்தார். மகளும் உடனிருந்து உதவினார். அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் 2002-ஆம் ஆண்டு முதல் பெரிய அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டு, உலகப் புகழ் பெற்றன. ஆனால் அவை புகழுக்காகத் தைக்கப்பட்டவை அல்ல. குளிருக்காகவும் அன்புக்காகவும் தைக்கப்பட்டவை.

இறந்தவரின் வேட்டி சட்டைகளைத் தூக்கி எறியவும் மனமின்றி, வைத்திருக்கவும் மனமின்றித் தவிக்கும் குடும்பங்களை நம் பங்குகளில் நாம் பார்க்கிறோம். இறுதிச் சடங்கிற்கு மாலையோடு செல்கிறோம். அடுத்த நாள் அது வாடிவிடுகிறது. அன்பியத்துப் பெண்கள் நால்வர் சேர்ந்து, அந்த உடைகளைக் கேட்டு வாங்கி, ஒரு போர்வையாகத் தைத்து, முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலியன்று அந்த வீட்டிற்குக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். நைந்த சேலை இரண்டு நிச்சயம் இருக்கும். யாருக்காகத் தைப்பது என்பதை மட்டும் அமைதியாகச் சிந்திப்போம். எளிதில் அன்பு செய்யக்கூடியவரின் பெயர் முதலில் வரும். அதைச் சற்றே தள்ளிவைத்து, அடுத்து வரும் பெயருக்காகக் காத்திருப்போம். நாம் நெடுநாளாகப் பேசாத அந்த ஒருவருக்காக ஊசியில் நூலைக் கோப்போம். முதல் பத்து வரிசைகள் கோபத்தோடு போனாலும் பரவாயில்லை. மீதியை இறைவன் பார்த்துக்கொள்வார்.