காற்றும் சாத்தும்: கற்பனைப் பாலைகளில் காணாமல் போகிறவர்கள்

கற்பனை உலகங்களைக் கட்டி எழுதுகிறவர்களுக்குப் பாலைவனத்தின் மீது தனி மோகம். வரைபடத்தில் ஒரு மஞ்சள் திட்டு, மேலே ஓயாத புயல், அதைக் கடக்கும் ஒரு வீரன். அவ்வளவுதான், உலகம் தயார். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ (1965) இவர்களுக்கு மூலப்பிரதி. ஆனால் ஹெர்பர்ட் புயலிலிருந்து தொடங்கியவர் அல்ல. 1957இல் அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில், நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்தும் அரசுத் திட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவர். பின்னால் வந்தவர்கள் புயலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சரக்கு எப்படிப் போகிறது, யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி இவர்களது பிரதிகளில் எழுவதே அபூர்வம்.

நைஜர் நாட்டின் தெனெரேயைப் பார்ப்போம். அகதெஸிலிருந்து கிழக்கே பில்மாவின் உப்பளங்களுக்குச் சுமார் 600 கிலோமீட்டர். துவாரெக் மக்களின் சாத்து (வாணிகக் கூட்டத்துக்கு நம் பழைய சொல் இது, இருக்கட்டும்) நூற்றாண்டுகளாக இந்த வழியில் போய்வந்திருக்கிறது. கோடையில் வெயில் கொல்லும். குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து ஹர்மத்தான் அடிக்கும். இரண்டில் சாத்து தேர்ந்தெடுத்தது காற்றைத்தான். போகும்போது முகத்தில், திரும்பும்போது முதுகில். வழியில் மேய்ச்சல் கிடையாது என்பதால் ஒட்டகத்தின் தீவனத்தையும் ஒட்டகமே சுமக்க வேண்டும். திரும்பி வரும்போது வேண்டுமென்று புல்கட்டுகளில் ஒரு பங்கை வழியிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். சுமை இறக்கி ஏற்றுவதே பெரும்பாடு. ஆகவே நாளுக்குப் பதினான்கு, பதினாறு மணிநேரம் நிற்காமல் நடை.

பில்மா இருக்கும் கவார் பகுதியின் ஊர்களைப் பாருங்கள். வடக்குத் தெற்காக ஓடும் ஒரு செங்குத்துப் பாறைச்சரிவின் மேற்கு அடிவாரத்தில், கிழக்குக் காற்றுக்கு ஒதுங்கி, நிலத்தடி நீர் கைக்கெட்டும் இடத்தில் அமைந்தவை. உப்பு எடுப்பவர்கள் கனூரி மக்கள். சாத்து கொண்டுவரும் கம்பு இல்லாவிட்டால் அவர்களுக்குச் சோறு இல்லை. உப்பு தெற்கே ஹௌசா நாட்டு மாடுகளுக்குப் போகும். இன்று பெரும்பகுதி லாரிக்கு மாறிவிட்டது.

இதற்கு மேற்கே இன்னொரு வழி. 1352இல் இபன் பதூதா தகாஸா உப்புச் சுரங்கம் வழியாக வலாத்தாவுக்குப் போனார். காற்று மணல்மலைகளையே இடம் மாற்றிவிடுவதால் தடம் என்று ஒன்றில்லை என்கிறார். சாத்துக்கு முன்னே ஓர் ஆள் தனியாகப் போய்ச் சொன்னால்தான் வலாத்தாவிலிருந்து தண்ணீர் நான்கு இரவுத் தொலைவு எதிரே வரும். அவன் வழியில் செத்தால் சாத்தும் செத்தது. இவர்களுக்கு வழிகாட்டியவருக்கு ஒரு கண் இல்லை, மறுகண்ணும் நோய்ப்பட்டது. தகாஸாவில் உப்பு வெட்டியவர்கள் அடிமைகள். திரும்புகையில் அவர் சேர்ந்துகொண்ட சாத்தில் 600 அடிமைப் பெண்கள் சரக்காக நடந்தார்கள். நம் கற்பனைச் சாத்துகளில் பட்டு உண்டு, வாசனைத் திரவியம் உண்டு. இவர்கள் எங்கே?

பாலையை ‘வெறுமை’ என்று எழுதுவது வெறும் ரசனை விவகாரம் என்று விட்டுவிட முடியாது. அதே சொல்லாடலைக் கொண்டுதான் பிரான்ஸ், அன்று தன் பிடியிலிருந்த அல்ஜீரியாவில், ரெகான் அருகே 1960 பிப்ரவரி 13 அன்று தன் முதல் அணுகுண்டை வெடித்தது. ஆளில்லாத இடமாம். ரெகான் மக்கள் வாழும் பாலைச்சோலை. கதிரியக்கத் தூசியைக் காற்று மேற்கு ஆப்பிரிக்கா வரை கொண்டுபோயிற்று. கானா தன் நாட்டிலிருந்த பிரெஞ்சுச் சொத்துகளை முடக்கியது.